அவள் காதுக்காக வாங்கிய கருவி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக டைரி எழுதிய கை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் எதையாவது தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதனால் இன்று முதல் இந்த வீட்டின் தொலைபேசி நிலவரத்தை எழுதுவதென்று இருக்கிறேன். இது சொந்த விஷயம் அல்ல. கருவி விஷயம்.

ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குப் போலந்திலிருந்து வடிவுக்குப் போன் வரும். வடிவு என் மனைவி. கூப்பிடுகிறவன் எங்கள் ஒரே மகன் திருமலைக்குமார். இன்டர்நெட் வழியாக வருவதால் காசு கிடையாது. காசு கிடையாது என்பதால் அதற்கு ஒரு முடிவும் கிடையாது. வடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடப்பாள். "ம்... அப்படியா... யய்யா, அது எப்பல?" இவ்வளவுதான் என் பக்கம் வந்து விழும். பாதிப் பேச்சு காதில் விழுவதைப் போன்ற எரிச்சல் உலகத்தில் வேறு இல்லை. நான் கேட்பதில்லை, பேப்பர் படிக்கிறேன். ஆனாலும் விழுகிறது.

எனக்கும் அவனுக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. ரயில்வே தேர்வு எழுதி, அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர் வேலையும் கிடைத்து, ஐந்தாம் மாதமே அதை ராஜினாமா செய்துவிட்டுப் போலந்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனவனோடு என்ன பேச்சு? "நான் வான்னு சொல்லாம இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன். அவனும் மிதிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்பன் சொல்லைக் கேட்கிறான்.

இன்று போனை வைத்துவிட்டு வந்து வடிவு சொன்னது: தீபாவளிக்கு அவனுக்கு ஒரு மாத லீவு கிடைக்குமாம். வருகிறானா இல்லையா என்று செப்டம்பர் முடிவதற்குள் சொல்லியாக வேண்டுமாம். வராவிட்டால் வடக்கே வேறொரு ஊரில் மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவானாம், அதில் நடுவே லீவே கிடையாதாம். "அப்பா ஒரு வார்த்த வான்னு சொன்னா வாரேங்கான்" என்றாள். நான் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தேன்.

அது கிடக்கட்டும். கவலைக்குரிய விஷயம் வடிவின் இடது காது. போனை அழுத்தி அழுத்தி அது கன்றிப்போயிருக்கிறது. நல்ல கருவி ஒன்று வாங்கியாக வேண்டும். அவன் ஹெட்செட் அனுப்புகிறேன் என்றானாம். வேண்டாம். அவள் காதுக்கு வேண்டியதை நான் வாங்குவேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடைத்தெருவில் சாகுல் ஹமீது கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர், கேமரா, கடிகார பேட்டரி என்று எல்லாம் விற்பவர். என் தேவைகளைச் சொன்னேன். கையில் பிடிக்கக் கூடாது, காதில் மாட்டக் கூடாது, சத்தம் கூடம் முழுக்கக் கேட்க வேண்டும்.

"பேசப் போறது யாரு மாஸ்டர்?"

"வீட்ல."

"நீங்க?"

"நான் பேச மாட்டேன்."

"அப்ப காதுல மாட்டுறதே போதும்லா? அவங்களுக்கு மட்டும் கேட்டாச் சரிதான?"

இந்தக் காலத்துக் கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளரின் தேவை புரிவதே இல்லை. காது, நரம்பு, சூடு, மூளை என்று அவருக்கு வெகுநேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஹெட்செட்டையே எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாக வீட்டில் வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார். நியாயமான மனிதர்தான், கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் கூடாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹெட்செட் சோதனை. படுதோல்வி.

வாயருகே மைக் இருப்பதால் வடிவு சத்தமாகப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சாமி முன்னால் முணுமுணுப்பது போலப் பேசினாள். இதுவரை கிடைத்த பாதியும் போயிற்று. பேப்பரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து நாற்காலிக்கு மாறினேன். வெளிச்சத்துக்காக.

இந்த ஹெட்செட் சுற்றியுள்ள இரைச்சலை வடிகட்டிவிடுமாம். குக்கர் விசில், மிக்ஸி, தெருவில் மீன்காரர் என்று எதுவுமே அவனுக்குக் கேட்கவில்லையாம். "வீட்டுச் சத்தம் ஒண்ணுமே இல்லம்மா, ஒரு இருமல்கூடக் கேக்கல, இது வேண்டாம்" என்றானாம். யாருடைய இருமல் என்று சொல்லவில்லை. எனக்கு இந்த வாரம் கொஞ்சம் இருமல் இருந்தது. கருவியைப் பற்றிய அவனுடைய கருத்து சரியானதே.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஹெட்செட் நிராகரிக்கப்பட்டது. காரணம்: கம்மல் உறுத்துகிறது. வடிவு உறுத்தவில்லை என்கிறாள். பார்க்கிற எனக்கு உறுத்துகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாவது கருவி: மேஜைமேல் வைக்கும் போன். பழைய ஆபீஸ் போன் மாதிரியே இருக்கிறது, ஆனால் இன்டர்நெட் ஒயரில் ஓடுகிறது. ஸ்பீக்கர் பொத்தானும் உண்டு. நான் எதிர்பார்த்தது இதுதான்.

சிக்கல் என்னவென்றால், இன்டர்நெட் பெட்டியை மாட்டிய பையன்கள் பிளக் பாயின்ட் இருக்கிறதென்று அதைப் பூஜை அறையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாகுல் கொடுத்த ஒயர் குட்டை. ஆகவே போனை முருகன் படத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் வைக்க வேண்டியதாயிற்று. மணி அடித்ததும் வடிவு கால் கழுவிவிட்டு ஓடினாள். கை கூப்பாத குறையாக நின்றபடி பேசினாள்.

அதுகூடப் பரவாயில்லை. அவன் வழக்கம்போல "அப்பா எப்படி இருக்காங்க" என்று கேட்டான். வழக்கமாக "நல்லா இருக்காவ" என்று முடித்துவிடுவாள். சாமி முன்னால் பொய் சொல்லக் கூடாதென்று இன்று எல்லாவற்றையும் கொட்டினாள். ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை, போலந்தில் எத்தனை டிகிரி குளிர் என்று தினமும் பார்க்கிறார், நீ விட்டுப்போன சைக்கிளுக்கு மாதா மாதம் காற்றடிக்கிறார் என்றெல்லாம் சொன்னாள். நான் கூடத்திலிருந்து இருமிப் பார்த்தேன், அவள் நிறுத்தவில்லை.

இடம் பொருத்தமில்லை. நிராகரிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

குளிர் விவரம் பேப்பரிலேயே போடுகிறார்கள், யாரும் பார்க்கலாம். நம்மூர்ப் பேப்பரில் போலந்து வராது என்கிறாள் வடிவு. தேடினால் வரும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாவது கருவி: ஒயர் இல்லாத ஸ்பீக்கர் டப்பா. இதை வடிவின் போனோடு இணைக்க வேண்டும். இணைத்தேன். மணி நாலு. எங்கள் டப்பாவில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டில் இருந்து என் மகன் "யம்மா, கேக்குதா?" என்று கத்துகிறான்.

கோயில் கொடை சமயத்தில் வடிவு தன் போனை அந்த வீட்டு டிவியோடு இணைத்து ஏதோ வீடியோ காட்டினாளாம். அந்த நன்றியை மறக்காமல் போன் நேரே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சீரியல் பார்த்துக்கொண்டிருந்த கோமதியம்மாள் கொஞ்சமும் தயங்காமல் ஜன்னல் வழியாக வடிவின் போன் பக்கம் கத்தி அவனோடு பேச ஆரம்பித்துவிட்டாள். சம்பளம், சாப்பாடு, முடி கொட்டுகிறதா, பல்வலி தீர்ந்ததா என்று எல்லாவற்றையும் விசாரித்தாள். அவனுக்குப் பல்வலி என்பதே எனக்குச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது.

அந்த அம்மாளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று வயிறெரிந்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

மூடப்பட்ட ஏதோ கம்பெனியின் மீட்டிங் அறையிலிருந்து சாகுலுக்கு வந்த சாமான். பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டி ஒன்று, இரண்டையும் இணைக்க நீளமான ஒயர். பெரியது மேஜைமேல் வடிவுக்கு முன்னால், அவள் போனோடு இணைத்து. சின்னது கூடத்து மூலையில் என் சாய்வு நாற்காலிப் பக்கம். ஒயர் அவ்வளவு தூரம்தான் நீண்டது, நான் ஒன்றும் திட்டமிடவில்லை. இரண்டிலும் சத்தம் கேட்கும். இரண்டிலும் மைக் உண்டு. எனக்கு மைக் தேவையில்லை. அதை மூட ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் பச்சை, இன்னொரு முறை அமுக்கினால் சிவப்பு.

விளக்கப் புத்தகம் முழுக்கச் சீன மொழி. யாராவது ஒருவரை எதிர்முனையில் வைத்துச் சோதித்துப் பாருங்கள் மாஸ்டர் என்றார் சாகுல். சிக்னலைப் பற்றி எனக்கா பாடம்? சிவப்பு என்றால் பாதை அடைப்பு, ஒரு கொசுகூட அந்தப் பக்கம் போகாது. சிவப்பில் வைத்தேன்.

நாலு மணிக்கு அவன் குரல் கூடம் முழுக்க வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் போனவனின் குரல் இல்லை இது. தடித்திருக்கிறது. சிரிக்கும்போது மட்டும் அதே பழைய சிரிப்பு. நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் ஓடியதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை எழுதுவதற்கென்ன.

ஒரு குறை. வடிவின் பெரிய பெட்டியிலும் சிவப்புதான் எரிகிறது. ஆனால் அவள் பேச்சு ஒழுங்காகப் போகிறது. பெரிய பெட்டியில் விளக்கு பழுது. சாகுலிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கருவி சிறப்பாக வேலை செய்கிறது. என் பக்கம் அடைத்திருப்பதால் மனம்விட்டு இருக்க முடிகிறது. இருமலாம், தும்மலாம், கருத்துச் சொல்லலாம்.

அவனுக்குச் சளி. "கண்ட ஐஸ்தண்ணியையும் குடிச்சா சளி பிடிக்காம என்ன செய்யும்? மிளகு ரசம் வச்சுக் குடிச்சா ஒரே நாள்ல ஓடிரும்" என்று என் பாட்டுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது. பிறகு, "யம்மா, மிளகு ரசம் எப்படி வைக்க?" என்று கேட்டான்.

என்ன இருந்தாலும் என் ரத்தம். நான் நினைப்பதையே அவனும் நினைக்கிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்போது அவன் பெட்டி அடுக்கவில்லையாம். கிடங்குக்குள்ளேயே சரக்கு ரயில் வந்து நிற்கிற தண்டவாளம் இருக்கிறதாம், அதற்கு இவன்தான் பொறுப்பாம். போன வாரம் ஒரு வேகன் தானாக நகர்ந்து முட்டிவிட்டதாம். எனக்குத் தாங்கவில்லை. "ஹேண்ட் பிரேக் போடாம எவம்ல வேகன நிறுத்துவான்? சக்கரத்துக்குக் கட்ட குடுத்தியா?" என்று கத்திவிட்டேன்.

"யம்மா, ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இருந்துது. கட்டதான் குடுக்கல" என்றான் அவன்.

இதையெல்லாம் வடிவிடம் எதற்குச் சொல்கிறான்? அவளுக்கு ஹேண்ட் பிரேக் என்றால் என்னவென்றே தெரியாது. அவளும் "அடுத்த வாட்டி கட்ட குடு யய்யா" என்கிறாள். அதன் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். அவன் குரல் ஓடிக்கொண்டே இருந்தால் நல்ல தூக்கம் வருகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

சாகுல் வீட்டுக்கே வந்தார். பெரிய பெட்டியில் விளக்கு பழுது என்று சொன்னேன். அதைப் பார்த்தார், என் சின்னப் பெட்டியைப் பார்த்தார். "மாஸ்டர், இந்த விளக்கு..." என்று தொடங்கினார். அதற்குள் வடிவு உள்ளிருந்து வந்து, "பாய், டீ ஆறுது, குடிங்க" என்றாள். அவர் டீயைக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். என்ன வியாபாரமோ.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று அவன் விஷயத்துக்கு வந்தான். அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டுமாம். ஒப்பந்தக் காகிதம் மேஜைமேல் இருக்கிறதாம். "அப்பா ஒண்ணும் சொல்லலையாம்மா?" என்று கேட்டான். வடிவு என்னைப் பார்த்தாள். நான் சிவப்பைப் பார்த்தேன்.

அவன் முகத்தைப் பார்த்து நாலு வருடம். மூன்று சேர்ந்தால் ஏழு. எனக்கு அப்போது அறுபத்தைந்து முடிந்திருக்கும். பாதை அடைத்துத்தானே இருக்கிறது, யாருக்குக் கேட்கப் போகிறது என்று, சுவரைப் பார்த்துச் சொன்னேன். "வந்து தொலையேம்ல. ஒனக்கு ஆரத்தி எடுத்துக் கூப்புடணுமால? ஒன் வீடு தானல."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் வரவில்லை. இன்டர்நெட் கோளாறு. பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சளி இன்னும் போகவில்லை. மிளகு ரசம் ஒழுங்காக வைத்திருக்க மாட்டான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

டிக்கெட் போட்டுவிட்டானாம். தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் வருகிறானாம். ஒப்பந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டானாம்.

யார் கூப்பிட்டார்கள்? நான் வாயைத் திறந்து அவனிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? லைன் கிளியர் கொடுக்காமல் எந்த வண்டியாவது ஸ்டேஷனுக்குள் வருமா? நாலு வருடம் கட்டிக்காத்த மரியாதை இவ்வளவுதானா? உள்ளே ஒரு பக்கம் குளிர்ந்தது, அது வேறு. முறை என்று ஒன்று இருக்கிறதில்லையா?

அவன் வருகிற அன்று நான் மதுரையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று வடிவிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மதுரைக்குப் பெட்டி கட்டியாயிற்று. வடிவு தடுக்கவில்லை. சோப்பு வைக்கவா, அங்கே இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 27, சனி

பெரிய பெட்டியின் பழுதை இப்படியே விட மனசு வரவில்லை. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு சாகுல் கடைக்குப் போனேன். இன்று டீ கொடுத்துத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

"மாஸ்டர், கோவிச்சுக்கக் கூடாது" என்றார் சாகுல். "ரயில்லதான் செவப்புன்னா நிக்கணும். இதுல செவப்புன்னா மைக்கு தெறந்துருக்குன்னு அர்த்தம். ரேடியோ ஸ்டேசன்ல பேசும்போது எரியும்லா, அது மாதிரி. பச்சைன்னாத்தான் மூடிருக்கு."

நம்பவில்லை. பெரிய பெட்டியைத் தன் போனோடு இணைத்து, கடையிலிருந்த இன்னொரு போனைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார், சின்னப் பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சிவப்பில் வைத்துப் பேசினார். கடைக்குள் என் கையிலிருந்த போனில் அவர் குரல் கணீரென்று வந்தது. பச்சையில் வைத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நாலு வாரமாக என்னவெல்லாம் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. போலந்து அரசாங்கத்தைத் திட்டியது. வடிவின் புளிக்குழம்பைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னது. பதினான்காம் தேதி விட்ட குறட்டை. பழைய பாட்டு ஒன்று பாடினேன், அதுவும் போயிருக்கும். கடைசியாக, போன ஞாயிறு சுவரைப் பார்த்துச் சொன்னது. தபால் ஆபீஸ் வரைதான் வர முடிந்தது. அங்கேயே ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வடிவு துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"மொத வாரமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வாய மூடிருப்பீங்க."

அடுத்த துண்டை எடுத்து மடித்தாள். என் வீட்டுக்குள்ளேயே என்னை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள், அம்மாவும் மகனுமாக. மானம் போனது. சத்தம் போட வேண்டுமென்றுதான் வாயைத் திறந்தேன். சாப்பாடு போடு என்று வந்துவிட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் மதுரைப் பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். கசங்கக் கூடாதென்று.

பெட்டிகள் இரண்டையும் பழையபடி மாட்டினேன். நாலு மணிக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. ஒரு தடவை அமுக்கினேன், பச்சை. வடிவு மேஜையிலிருந்து பார்த்தாள். மணி அடித்தது. இன்னொரு தடவை அமுக்கினேன், சிவப்பு.

"யம்மா, அப்பா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காவ. மைக்க மூடிட்டு ஒக்காந்துருக்காவ."

"அப்ப அவங்க பேசுறது எனக்குக் கேக்காது."

"கேக்கவே கேக்காது யய்யா."

"சரிம்மா. சும்மா தெரிஞ்சுக்கிடலாம்னுதான்."

ஒப்பந்தம் தெளிவாயிற்று. யாருக்கும் மானக்கேடு இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரிடம் பேச ஆரம்பித்தேன். சென்னையில் இறங்கினால் எந்த வண்டியில் ஏற வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எந்த ஸ்டேஷனில் வடை வாங்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தன் அம்மாவிடம் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வடிவு ஒரு வார்த்தை பேசவில்லை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பல்வலி எப்படி இருக்கிறது என்று சுவரைக் கேட்டேன். பிடுங்கியாச்சும்மா என்றான்.

இருட்டத் தொடங்கியது. அவன் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். வைக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"யம்மா, டிக்கெட் போட்டுட்டேன், எல்லாம் சரிதான். ஆனா நான் கேட்டது ஒரே ஒரு வார்த்த. திட்டு சேராம, தனியா. அது இன்னும் வரலல்லா."

வடிவு கத்தியைக் கீழே வைத்தாள்.

விளக்கைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் எரிந்தது. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வாயருகே வைத்துக்கொண்டேன்.

"வாய்யா" என்றேன்.

மைக் மூடியிருந்ததால் அவனுக்குக் கேட்டிருக்காது.